வந்தோர் கணக்கும் வாராதோர் கணக்கும்

நாளை எத்தனை பேர் வருவர் என்பதை ஒருவாறு முன்னறிந்து இன்றே ஆயத்தஞ் செய்யாதார் செவ்வனே நடத்தத் தக்க தொழில் உலகில் ஒன்றேனும் இல்லை. எம் கல்லூரி விடுதியின் சமையற்காரர் நாடோறும் உலையில் இடும் அரிசியும் ஒரு கணிப்பே. கணிப்புப் பிழைப்பின் சோறு மிஞ்சும். அன்றேல் கடைசிப் பந்தியில் அமர்ந்தோர் மோருண்டு எழுவர். இவை பொறுத்தற்கு உரியனவே. ஆயின், கணிப்புப் பிழைத்தவிடத்து உயிர் போகும் இடமும் ஒன்றுண்டு. அது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவாம். தமிழ் பயிலும் யாம் அதனைப்பற்றி எழுதப் புகுந்தது என்னையெனின், எம் இல்லத்தில் சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எம்மை அவ்விடத்திற் கொண்டுபோய்ப் பத்து நாள் இருத்தியது. ஆண்டுக் கண்டனவும் கேட்டனவும், பின்னர் நூல்களைத் துருவித் தெளிந்தனவும் ஈண்டுத் தொகுத்து உரைப்பாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆராதனை முடிந்து வீடு வந்த எம் பாட்டியார் வழக்கம்போலக் காப்பி அருந்த அமர்ந்தார். டம்ளர் அவர் வலக்கையினின்றும் நழுவிக் கீழே விழுந்தது. யாம் மறுநாள் தேர்வின் பொருட்டுத் திருக்குறட் பொருட்பாலின் உரையை உருப்போட்டுக்கொண்டு எதிரே இருந்தோம். தலைநிமிர்ந்து, "என்ன ஆச்சி?" என்றோம். "ஒன்றுமில்லை ராசா, கை கொஞ்சம் மரத்திருக்கிறது. விடிந்தால் சரியாய்ப் போகும். நீ படி" என்றார். யாமும் படித்தோம். அன்றிரவு குடும்ப செபத்தில் திருமறை வாசிக்கும்போது அவர் நாச் சிறிது குழறிற்று. எம் வீட்டில் இராவாசிப்பு நெடுங்காலமாக அவருடையதே. ஒரு சொல்லும் தடுக்கி யாம் கேட்டதில்லை. ஆயினும், களைப்புப் போலும் என்று எண்ணி விளக்கை அணைத்தோம்.

விடியற்காலையில் பாட்டியாரால் எழ இயலவில்லை. வாய் ஒருபுறம் கோணியிருந்தது. தந்தையார் 108ஐ அழைத்தார். வண்டியும் காலந் தாழாது வந்தது. மருத்துவமனையிற் பணியிலிருந்த மருத்துவர் முதற்கண் வினவியது ஒன்றே: "இவரைக் கடைசியாக நல்ல நிலையில் எப்பொழுது பார்த்தீர்கள்?" தந்தையார் எம் முகத்தை நோக்கினார். டம்ளர் விழுந்ததை யாம் கூறினோம். "மணி என்ன இருக்கும்?" "ஏழு." மருத்துவர் அதனை எழுதிக்கொண்டு, சற்று நேரம் ஒன்றும் பேசினாரல்லர்.

பின்னர் அவர் விளக்கியது இது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயைக் கட்டி அடைப்பதால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கிய 4½ மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். சிலர்க்குக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறை 24 மணி நேரம்வரை பயன்படுதலும் உண்டு. பாட்டியார்க்கு அது பொருந்தவில்லை. எனவே, ஞாயிறு மாலை ஏழு மணிக்கும் இரவு பதினொன்றரைக்கும் இடைப்பட்ட பொழுதே அவர்க்கு உரிய பொழுதாய் இருந்தது. அப்பொழுதை அவர் உறங்கிக் கழித்தார். யாம் உருப்போட்டுக் கழித்தோம். நோயாளியின் நிலையும் நோயின் நிலையும் மட்டுமன்றிக் காலத்தின் நிலையும் ஆராய்ந்து செய்வதே மருத்துவம் என்பது வள்ளுவனார் 95ஆம் அதிகாரத்தில் உணர்த்திய கருத்து. அதன் உரை எமக்கு அப்பொழுது மனப்பாடமாய் இருந்தது.

அன்று திங்கட்கிழமை. கூடம் நிறைந்து வழிந்தது. ஸ்கேன் எடுத்தபின் பாட்டியாரை வார்டுக்கு மாற்றக் கட்டில் இன்மையால், ஸ்ட்ரெச்சரிலேயே தாழ்வாரத்தில் நெடுநேரம் கிடத்தினர். எமக்குப் பின் வந்த இளைஞன் ஒருவனை எமக்கு முன்னே உள்ளே கொண்டுசென்றனர். யாம் சினந்து, ஆண்டிருந்த மூத்த செவிலியர் அம்மையாரிடம் முறையிட்டோம். அவர் வெகுளாது, "தம்பி, இங்கே வந்த வரிசை கிடையாது, உயிர் வரிசைதான்" என்றார். வருவோரை வாயிலிலேயே நோக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்தல் முறை. உடனே கவனியாவிடின் உயிர் போகும் நிலையினர் சிவப்பு. விரைந்து கவனிக்க வேண்டியவர் மஞ்சள். காத்திருக்கத் தக்கவர் பச்சை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் வழி இம்முறை பரவியுளது. இதனை ட்ரையாஜ் என்பர். பிரித்தெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நெப்போலியனின் படை மருத்துவராய் இருந்த லாரே என்பார், பதவி நோக்காது காயத்தின் கொடுமையையே நோக்கி முதலிடம் அளித்தமை மருத்துவ வரலாற்றிற் புகழ்பெற்றது. போர்க்களத்தினின்று காயமுற்றோரை விரைந்து கொணரும் குதிரை வண்டிகளை அமைத்தவரும் அவரே.

எம் சினம் தணிந்தது. ஆயின் ஐயம் ஒன்று எழுந்தது. வருவோரைப் பிரித்தல் நன்றே. இத்தனை பேர் வருவர் என்பதை முன்னரே அறிந்து, இத்தனை கட்டிலும் இத்தனை மருத்துவரும் வேண்டுமென ஏன் ஆயத்தஞ் செய்தல் கூடாது? அடுத்து வந்த இரவுகளில் ஓய்வு வாய்த்தபோதெல்லாம் இதனை அம்மருத்துவரிடமும் செவிலியர் அம்மையாரிடமும் வினவினோம். இருவரும் பொறுமையுடன் விடை கூறினர்.

செவிலியர் அம்மையார் அறிந்தது பட்டறிவு. பகலில் ஏறிப் பின்னிரவு மூன்று, நான்கு மணிக்குக் கூட்டம் குறையும், திங்களன்று மிகும், மழைக்காலத்திற் காய்ச்சலும், விதைப்புக் காலத்திற் பாம்புக்கடியும், தீபாவளியன்று தீப்புண்ணும், கோடை விடுமுறையில் நீரில் மூழ்கிய சிறுவரும் வருவர் என்பன அவர்க்கு நாட்காட்டியில் எழுதியவைபோல விளங்கின. இவ்வாறு நாள், கிழமை, பருவம் என்னும் மூன்று வட்டங்களில் ஏறியிறங்குதலே வருவோர் தொகையின் முதல் இயல்பு. இவ்வட்டங்களைப் பழைய பதிவேடுகளினின்று பிரித்தறிந்து வருநாளுக்கு நீட்டி எழுதுதலே முன்கணிப்பின் முதற்படி. அண்மைய நாட்களுக்கு மிகுதியும் பழைய நாட்களுக்குக் குறைவும் ஆகிய மதிப்பளித்துச் சராசரி காணும் முறையை ஹோல்ட் 1957இலும், அதனொடு பருவ ஏற்றத்தாழ்வையும் சேர்த்து வின்டர்ஸ் 1960இலும் வகுத்தளித்தனர். இன்று கணிப்பொறி கொண்டு செய்யும் நுண்ணிய முறைகள் பலவுள. எம்முறையாயினும் அதற்கு உரைகல் ஒன்றே என்றார் மருத்துவர். "சென்ற திங்களன்று வந்த தொகையே இத்திங்களன்றும் வரும்" என ஒன்றும் அறியாதான் கூறும் கணிப்பினும், நம் முறையின் பிழை பல வாரங்களிலும் குறைந்திருத்தல் வேண்டும். குறையாவிடின் அந்நுண்மையாற் பயனில்லை. பழைய கணக்கொடு பொருந்துதல் மட்டும் போதாது. காணாத நாட்களிலும் பொருந்துதல் வேண்டும். மனப்பாடம் செய்த மாணவனும் பொருளுணர்ந்த மாணவனும் புதிய வினாவிலன்றோ வேறுபடுவர்!

இனி, வட்டங்களைப் பிரித்தபின்னும் எஞ்சுவது ஒன்றுண்டு, அது தற்செயல். ஒருவர் விழுந்ததை அறியாது மற்றொருவர் வேறொரு தெருவில் விழுகின்றார். இவ்வாறு தொடர்பின்றி நேரும் நிகழ்ச்சிகளின் தொகைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதைப் பிரான்சு நாட்டுக் கணிதர் புவாசோன் 1837இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். 1898இல் போர்ட்கீவிச் என்பார், பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தோரின் கணக்கை அவ்வொழுங்கொடு ஒப்பிட்டார். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு ஆக 200 பதிவுகளில் இறந்தோர் 122 பேர். அவற்றுள் ஒருவரும் இறவாத பதிவுகள் 109. புவாசோன் விதி கூறுவதும் ஏறக்குறைய அதுவே. எவன் உதைபடுவான் என்பதை எவரும் அறியார். எத்தனை ஆண்டு எத்தனை பேர் என்பதோ கணக்கிற்கு அடங்கிற்று.

இவ்வொழுங்கின்படி, சராசரித் தொகையின் வர்க்கமூலமே ஏற்றத்தாழ்வின் அளவாம். நாளொன்றுக்குச் சராசரி 100 பேர் வரும் பெரிய மருத்துவமனையில் அவ்வளவு 10. ஆகலின் இருபது நாட்களுள் பத்தொன்பதில் 80க்கும் 120க்கும் இடையே வருவர். சராசரி 4 பேரே வரும் சிற்றூர் மருத்துவமனையில் அவ்வளவு 2. ஒருவரும் வாராமையும் உண்டு, 8 பேர் வருதலும் உண்டு. அஃதாவது, பெரிய இடத்திற்குச் சராசரிக்குமேல் ஐந்திலொரு பங்கு கூடுதல் ஆயத்தம் போதும். சிறிய இடத்திற்கோ இரு மடங்கு வேண்டும். சிற்றூர்ச் செவிலியர் ஒருநாள் வேலையின்றி அமர்ந்திருத்தலைக் கண்டு, "ஈண்டு ஆள் மிகுதி" என ஒருவன் குறித்துச் செல்வானாயின், அவன் கண்டது ஒருநாள், காணாதது மறுநாள்.

இதனினும் எமக்கு வியப்பளித்தது காத்திருப்போர் கணக்கு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்துத் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய எர்லாங் என்பார், அழைப்புகள் புவாசோன் ஒழுங்கிற்கு உட்பட்டனவென 1909இற் காட்டி, காத்திருத்தலைக் கணிக்கும் துறைக்கு அடிகோலினார். அதனை மருத்துவர் எமக்கு இவ்வாறு விளக்கினார். மருத்துவர் ஒருவரே உளர்; ஒரு நோயாளியைப் பார்க்கச் சராசரி 10 நிமிடம் ஆகும்; வரவும் பார்க்கும் நேரமும் தற்செயலாய் ஏறியிறங்கும் எனக் கொள்வோம். மணிக்குச் சராசரி 5 பேர் வரின் அவர்க்கு 50 நிமிடமே வேலை. 10 நிமிடம் ஓய்வு. ஓய்வு உள்ளவரைக் காத்திருத்தல் ஏன் என எவரும் எண்ணுவர். ஆயின், நெடுநாட் சராசரியாக ஒவ்வொருவரும் 50 நிமிடம் காத்திருப்பர் என்பதே கணக்கு. வருவோர் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடி, இரண்டு மணிக்கு 11 பேர் ஆகட்டும். காத்திருத்தல் பத்தில் ஒரு பங்கு கூடுவதில்லை. 110 நிமிடமாக இரட்டிக்கும் மேலாகின்றது. மணிக்கு 6 பேர் எனின் வரிசை முடிவின்றி வளரும். கணிப்பில் நேரும் சிறு பிழை காத்திருத்தலில் பெரும் பிழையாக முடிதற்கு இதுவே காரணம். வீண் என்று தோன்றும் அப்பத்து நிமிட ஓய்வே சிவப்பு நிறத்தோடு வருவானின் உயிர் என்பதை அன்றுணர்ந்தோம்.

கட்டிலுக்கும் இதுவே விதி. மருத்துவமனைக் கட்டில்களில் நூற்றுக்கு 85க்குமேல் நிறைந்திருப்பின் இடரும், 90ஐ எட்டின் அடிக்கடி கட்டிற் பஞ்சமும் தோன்றும் என 1999இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. வார்டில் இடமில்லையேல், சிகிச்சை முடிந்தவரும் அவசரப் பிரிவிலேயே தங்குவர், புதியவர்க்கு இடமிராது. பாட்டியார் தாழ்வாரத்திற் கிடந்தமைக்குக் காரணம் முன்வாயிலிற் கூடிய கூட்டம் மட்டுமன்று. பின்வாயில் அடைபட்டமையும் ஆகும். 1961இல் லிட்டில் என்பார் நிறுவிய எளிய விதி ஒன்றுண்டு: மணிக்கு வருவோர் தொகையை ஒவ்வொருவரும் தங்கும் மணியாற் பெருக்கின், உள்ளே இருப்போர் தொகை கிடைக்கும். மணிக்கு 6 பேர் வந்து ஒவ்வொருவரும் 3 மணி தங்கின் 18 பேர். தங்குவது 5 மணியாயின் 30 பேர். வருவோர் கூடாமலே கூடம் நிறைந்துவிடும். ஆகலின், தேவையை மதிப்பிடுவோன் தலைகளை மட்டும் எண்ணாது, தங்கும் நேரத்தையும் எண்ணுதல் வேண்டும்.

இங்ஙனம் கணித்தவழியும் அடங்காத நாட்கள் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நாகப்பட்டினத்து மருத்துவமனைப் பதிவேட்டை எத்துணை நுணுகி ஆராய்ந்திருப்பினும் ஆழிப்பேரலை அதிற் கண்டிராது. 2021ஆம் ஆண்டின் பெருந்தொற்று அலையில் உயிர்வளி வேண்டி நின்றோர் தொகையும் முன்னாண்டுகளின் சராசரிக்கு அகப்பட்டதன்று. அத்தகைய நாட்களுக்கு வேண்டுவது முன்கணிப்பன்று, முன்னேற்பாடு. எவரை அழைப்பது, எக்கூடத்தைத் திறப்பது, எம்மருத்துவமனைக்கு எவரை அனுப்புவது என்பன அமைதிக் காலத்திலேயே எழுதிப் பயின்றிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் கேட்டு யாம் மகிழ்ந்திருந்த ஓரிரவில், மருத்துவர் பதிவேட்டைத் திறந்து, பெயர்களை மறைத்து, திங்கட்கிழமைக்குரிய பக்கத்தைக் காட்டினார். ஒரு வரியின் நேரத்தையும் நோயையும் கண்டு, அது பாட்டியாருடையது என உணர்ந்தோம். வந்த நேரம் காலை ஏழு என்றிருந்தது. யாம் நெடுநேரம் அவ்வரியையே நோக்கியிருந்தோம். ஏனெனின், அது மெய்; ஆயினும் முழு மெய்யன்று. பாட்டியார்க்கு மருத்துவம் வேண்டியிருந்தது ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. அந்நேரத்துப் பக்கத்தில் அவர் இல்லை. திங்களன்று கூட்டம் மிகுதல் என்பதனுள், ஞாயிறன்று பொறுத்துக்கொண்டோரும் அடங்குவர் என்பது அப்பொழுது எமக்குப் புலனாயிற்று. பதிவேடு அறிவது வரவை, தேவையை அன்று.

இவ்வேற்றுமைக்குச் சான்று எம் திருச்சபை வரலாற்றிலேயே உளது. 19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில், திண்டிவனத்தில், மருத்துவராகிய தந்தையின் இல்லத்தில் இருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, மகப்பேற்றில் இடருற்ற தம் மனைவியர்க்கு உதவி வேண்டி வந்தனர். அவருடைய தந்தையார் செல்ல ஆயத்தமாயிருந்தும், ஆண் மருத்துவர் வரலாகாதென மூவரும் திரும்பிச் சென்றனர். மூன்று பெண்களும் விடியுமுன் இறந்தனர். அம்மூவரும் எம்மருத்துவரின் ஏட்டிலும் எண்ணாக ஏறியிரார். அவ்வேட்டை மட்டும் நோக்கிக் கணிப்பவன், "ஈண்டுப் பெண்டிர்க்கு இராக்கால மருத்துவம் வேண்டப்படவில்லை" என்றே எழுதுவான். வாராதோரை எண்ணியவர் அவ்விளம்பெண் ஒருவரே. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் மீண்டு, வேலூரில் பணிதொடங்கி, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார். பெண் மருத்துவர் வந்தபின் பெண்டிர் திரளாக வந்தனர். தேவை புதிதாய்ப் பிறக்கவில்லை, தடை நீங்கிற்று.

ஆகலின், வருவோர் தொகை பெருகியதைக் கண்டவுடன் நோய் பெருகிற்று எனத் துணிதல் கூடாது. 2008இல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியபின், முன்பு வீட்டிலும் வழியிலும் மடிந்தோர் பலர் வாயிலை எட்டினர். சாலை விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி எனத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டமும் ஒரு தடையை நீக்கியதாம். செலவு, தொலைவு, இரவு, நாணம், பிறரைத் தொல்லைப்படுத்தலாகாது என்னும் எண்ணம் ஆகிய இவற்றுள் எது நீங்கினும் எண் ஏறும். நல்ல மதிப்பீட்டாளன், "எத்தனை பேர் வந்தனர்?" என்பதோடு, "எவ்வூரினின்று எவரும் வரவில்லை? எவர் காலந் தாழ்த்து வந்தனர்? எவர் காத்திருந்து பார்க்கப்படாமலே திரும்பினர்?" எனவும் வினவுவான்.

திருமறையில் இத்துறைக்கு இருவர் எமக்கு ஆசிரியராகத் தோன்றுகின்றனர். யோசேப்பு ஏழாண்டு வளத்தில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துவைத்து ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொண்டான். முன்னறிதலின் பயன் சேமிப்பிலன்றி முடிவதில்லை என்பது அவனிடம் கற்கும் பாடம். சமாரியனோ, அடிபட்டுக் கிடந்தவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, இதற்குமேற் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் உறுதி கூறினான். முதற் பகுதி கணிப்பு. இரண்டாம் பகுதி கணிப்புப் பிழைக்குமென அறிந்த பணிவு. இவ்விரண்டும் சேர்ந்ததே நல்லாயத்தம். மற்று, அவனுக்குமுன் அவ்வழியே சென்ற இருவரும் அவனைக் காணாதவரல்லர். கண்டு விலகிப் போனவர். டம்ளர் விழக் கண்டும் நூலை நோக்கிய யாமும் அவர்களுள் ஒருவரே.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிப்பாம். ஒருவர் முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், சொல் குழறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், விடியட்டும் என்று இருத்தல் வேண்டா. மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழைமின். அழைத்தபின் ஒன்றுமில்லை எனத் தெரியவரின், பதிவேட்டில் ஒரு பச்சை வரி கூடும், அவ்வளவே. அவ்வரியால் எவர்க்கும் இழுக்கில்லை.

பாட்டியார் இன்று எம்மோடு இருக்கின்றார். வலக்கை முழுதும் தேறவில்லை. பேச்சுச் சிறிது சிறிதாக மீள்கின்றது. இராவாசிப்பை யாம் ஏற்றுக்கொள்ள முன்வந்தபோது அவர் இசையவில்லை. நாளொன்றுக்கு இரண்டு வசனமே வாசிக்கின்றார். சொல்லுக்குச் சொல் நின்று வாசிக்கின்றார். யாம் நூலை மூடி வைத்துவிட்டுக் கேட்கின்றோம். இரவெல்லாம் விழித்திருந்து வருவோரை ஏற்கும் கைகளையும், வர இயலாது கிடப்போரையும் எல்லாம்வல்ல இறைவன் காப்பாராக.